தொடாதே அக்கா கிரீம் பூசிய கதை

தீயணைப்பு நிலையக் குடியிருப்பில் அவளுடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவள் 'தொடாதே அக்கா'. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அதில் கொஞ்சம் கிண்டல், கொஞ்சம் பயம். பின்னே என்ன? அவள் வீட்டு அலமாரியில் வரிசையாக நிற்கும் பாட்டில்களிடம் யாராவது கை நீட்டினால் "தொடாதே". கொடியில் காயும் சாயம் போன பருத்திச் சட்டையை ஒதுக்கிவிட்டு நடந்தால், "அது வேலைக்குப் போட்டுட்டுப் போறது, தொடாதே". பெற்ற மகளே அம்மாவின் கையுறைப் பெட்டியைக் கண்டால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள்.

அவள் பார்த்த வேலை அப்படி. ஓர் ஆய்வகத்துக்காக ஊர் ஊராகப் போய்க் கிணற்றுத் தண்ணீர், குளத்துச் சேறு, மனிதர்களின் ரத்தம் என்று மாதிரி எடுத்து வருவாள். அதில் தேடுவது ஒரு வகைச் செயற்கை ரசாயனத்தை. ஒட்டாத சட்டியில் அது இருக்கிறது, நனையாத மழைக்கோட்டில் இருக்கிறது, பெட்ரோல் தீயை அணைக்கிற நுரையில் இருக்கிறது. மண்ணுக்குள் போனால் மக்காது. தண்ணீரில் சேர்ந்தால் போகாது. ரத்தத்தில் ஏறிவிட்டாலோ இறங்குவதற்கு வருடக்கணக்கில் ஆகும். தொல்லை என்னவென்றால், தேடப் போகிறவள் மேலேயே அது ஒட்டிக்கொண்டிருக்கலாம். கைக்குப் பூசும் கிரீமில் இருக்கலாம், புதுத் துணியில் இருக்கலாம், கடையில் எண்ணெய்ப் பலகாரம் மடித்துத் தரும் காகிதத்தில் இருக்கலாம். இவர்கள் அளப்பதோ துளியிலும் துளி. அது கிணற்றிலிருந்து வந்ததா, இவள் விரலிலிருந்து வந்ததா என்று யாரைக் கேட்பது?

அதற்காகத்தான் வெறும் குழாய். எங்கே போனாலும் ஆய்வகத்தில் நிரப்பிய சுத்தமான தண்ணீர் கொஞ்சம் அவளோடு போகும். மாதிரி எடுக்கும் அதே இடத்தில், அதே கையால், அதே மாதிரி ஊசி வழியாக அந்தத் தண்ணீரை ஒரு குழாயில் விட்டு மூடுவாள். பிறகுதான் அசல் வேலை. வெறும் குழாயில் ரசாயனம் தெரிந்தால் எடுத்தவள் கை சுத்தமில்லை என்று அர்த்தம், அன்றைய மாதிரி அத்தனையும் குப்பைக்குப் போகும். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவளுடைய வெறும் குழாய் அவளை ஒருமுறைகூடக் காட்டிக்கொடுத்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கூச்சநாச்சமே கிடையாது. தன் சமையலைப் பற்றி வாயைத் திறக்க மாட்டாள், அது திறக்கிற மாதிரியும் இருக்காது. தன் கையைப் பற்றியும், பிள்ளை வளர்த்த விதத்தைப் பற்றியும் ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

பிள்ளையை அவள் வளர்த்த விதத்தையும் சொல்லியாக வேண்டும். கணவன் தீயணைப்பு வண்டியின் டிரைவர். குடியிருப்புக்குப் பின்னால் பயிற்சி மைதானம். இரும்புத் தொட்டியில் எண்ணெயைக் கொளுத்தி, அதன்மேல் நுரையைப் பீய்ச்சி அடித்துப் பழகுவார்கள். மைதானம் முழுக்க இடுப்பளவுக்கு வெள்ளையாக நுரை நிற்கும். குடியிருப்புப் பிள்ளைகள் அதில் குதித்துக் கும்மாளம் போடும், பெற்றவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். யாருக்கு என்ன தெரியும்? அந்த மைதானத்துக்குப் பக்கத்தில்தான் குடியிருப்புக் கிணறு. எல்லா வீட்டுக் குழாயிலும் அந்தத் தண்ணீர்தான். கல்யாணமாகி வந்தவள் அதைத்தான் வருடக்கணக்கில் குடித்தாள், அதில்தான் சமைத்தாள்.

வயிற்றில் பிள்ளையோடு ஆய்வக வேலைக்குச் சேர்ந்தாள். முதல் வாரப் பயிற்சி வகுப்பிலேயே, இந்த ரசாயனம் எங்கெல்லாம் மண்ணில் இறங்கியிருக்கும் என்று ஆய்வகத்துக்குப் பொறுப்பான மேடம் சொல்லிக்கொண்டு வந்தார். நுரை அடித்துப் பழகும் மைதானங்கள் என்றதும் இவளுக்குக் குடியிருப்புக் கிணறு நினைவுக்கு வந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயைக் கயிறு போட்டுக் கட்டியவள்தான். அதற்குப் பிறகு கேன் தண்ணீர். மகள் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த இன்றுவரை கிணற்றுத் தண்ணீர் ஒரு மடக்கு அவள் தொண்டையில் இறங்கியதில்லை.

மற்றவர்களிடம் சொல்லாமலா இருந்தாள்? வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். "உங்களுக்கு எல்லாமே விஷம்தான் அக்கா" என்று சிரித்தார்கள். நிலைய அதிகாரியிடம் போனாள். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் காகிதம் இல்லாமல் தும்மவும் மாட்டார்.

"தண்ணியில எவ்வளவு கலந்திருக்குன்னு நம்பர் இருக்காம்மா? நம்பர் குடு, நான் மேல பேசறேன்."

அந்த நம்பருக்குத்தான் இத்தனை வருடம் ஆனது. அனுமதி, மறு அனுமதி, யாரோ ஒருவர் மாற்றலாகிப் போய் இன்னொருவர் வந்து, கடைசியில் ஆய்வகத்துக்குக் கதவு திறந்தது. கிணற்றையும், குடியிருப்பில் இருப்பவர்கள் ரத்தத்தையும் சோதிக்கலாம் என்றார்கள். நிலையத்தில் நடக்கும் அடுத்த கூட்டத்துக்குத் தீயணைப்பு இலாகாவின் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், நம்பரை வைத்தால் கிணற்றை மூடி வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய்வார்கள் என்று பேச்சு.

ரத்தம் எடுத்த நாளில் நிலையத்தின் ஓய்வறையில் ஒரே அழுகை. ஊசியைப் பார்த்ததும் பிள்ளைகள் அம்மாக்களின் இடுப்பில் ஏறிக்கொண்டன. அவள் வெறும் குழாயை முடித்தாள். பிறகு, மற்றப் பிள்ளைகளுக்குத் தைரியம் வரட்டும் என்று தன் மகளையே முதலில் உட்கார வைத்தாள். குட்டி உதட்டைக் கடித்துக்கொண்டு, "எனக்கு வலிக்கவே இல்ல" என்று கண்ணீரோடு அறிவித்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தொடாதே அக்காவின் ரத்தத்தை முந்தின வாரமே ஆய்வகத்தில் எடுத்துவிட்டார்கள்.

ஒரு மாதம் போல ஆகியிருக்கும். மேடம் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உட்காரு" என்றார். அவர் யாரையும் உட்காரச் சொல்கிறவர் இல்லை.

"உன் வெறும் குழாய் சுத்தம்."

"எப்பவும் சுத்தம்தானே மேடம்."

"குடியிருப்புல எல்லாருக்கும் ஏறியிருக்கு. உன் வீட்டுக்காரருக்கு நல்லாவே ஏறியிருக்கு. பெரியவங்கள்ல உனக்குத்தான் ரொம்பக் குறைவு."

அவள் சிரித்துவிட்டாள். "கேன் தண்ணி மேடம். தலைதலையா அடிச்சிக்கிட்டேன், ஒருத்தர் கேக்கல."

மேடம் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கமாகத் திருப்பினார். "பாப்பாவுக்கு அதிகமா இருக்கு. கிணத்துத் தண்ணி குடிக்கிற பசங்க அளவுக்கு இருக்கு. சில பசங்களை விட மேலயும் இருக்கு."

"குழாய் மாறியிருக்கும்."

"மாறல. மெஷின்ல மறுபடியும் ஓட்டிப் பார்த்தாச்சு."

"அவ அந்தத் தண்ணியக் குடிச்சதே இல்ல மேடம்! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்." மேடம் கொஞ்சம் தயங்கினார். "நீ பால் எவ்வளவு நாள் குடுத்தே?"

இந்தக் கேள்விக்கு அவள் எத்தனை இடத்தில், எத்தனை பெருமையாகப் பதில் சொல்லியிருக்கிறாள்! பவுடர் பால் கலக்குகிற பெண்களை உட்கார வைத்துப் பாடமே நடத்தியிருக்கிறாள். மூன்று வருடம். வேலைக்குப் போகிற இடத்திலெல்லாம் மறைவு தேடிப் பீய்ச்சி எடுத்து, ஐஸ் பெட்டியில் மாதிரிகளுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். இப்போது அந்த வார்த்தை வாயிலிருந்து வர மறுத்தது.

"மூணு வருஷம்" என்றாள், யாரோ ஒட்டுக்கேட்கிற மாதிரி மெதுவாக.

"பால் வழியா இது இறங்கும். உனக்குக் குறைஞ்சதுக்கு அதுதான் காரணமா இருக்கும். கேன் தண்ணி மட்டும் இவ்வளவு சீக்கிரம் குறைக்காது." மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இங்க பாரு, அதுக்காகப் பால் குடுத்தது தப்புன்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க. பால்ல கிடைக்கிற நல்லது பெருசு. பாப்பா வளர வளர இது குறையும். இது எதிர்ப்பு சக்தியைக் குறைக்கலாம்னு சொல்றாங்க, அதனால தடுப்பூசி சரியா புடிச்சிருக்கான்னு பார்க்கணும், வருஷா வருஷம் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டணும். ஒண்ணும் வராமலே போகலாம்."

போகலாம். அந்த 'லாம்' அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. குட்டிக்கு அடிக்கடி சளி பிடிப்பதும், போட்ட தடுப்பூசி ஒன்றை மறுபடியும் போடச் சொன்னதும் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன. மடியில் போட்டு, தலையைத் தடவி, கண்ணைப் பார்த்துக்கொண்டே கொடுத்ததா? வயிறு நிறைந்து சிரிக்குமே, அப்போதெல்லாமா? அவளால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. அந்த நம்பர் பொய்யாக இருக்க வேண்டும். எப்படியாவது பொய்யாக இருக்க வேண்டும்.

"மேடம், நான் அன்னைக்கு கிரீம் போட்டேன்."

"என்ன?"

"கை வெடிச்சிருந்துச்சு. வெறும் குழாய் முடிச்சதும் கொஞ்சம் பூசிக்கிட்டேன். அப்புறம்தான் குட்டிக்கு எடுத்தேன். என் கையிலேருந்துதான் போயிருக்கும்."

பார்த்தீர்களா கெட்டிக்காரத்தனத்தை? வெறும் குழாய்க்கு முன்னால் பூசியதாகச் சொன்னால் குழாய் காட்டிக்கொடுத்திருக்கும். பின்னால் என்றால் சாட்சி கிடையாது. இப்படி ஒரு பொய்யை அந்த வேலை தெரிந்தவளைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. ஊரில் எல்லோரும் செய்த தப்பை மறைக்கப் பொய் சொல்வார்கள். இவள் செய்யாத தப்பை இழுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டாள், அதுவும் தன் வாழ்க்கையிலேயே பெரிதாக நினைத்த அந்தக் கையின் பேரில்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுச் சொல்லு. பாப்பாவுக்கு அப்புறம் எல்லாருக்கும் நீதான் எடுத்திருக்கே. நீ சந்தேகம்னு சொல்லிட்டா அன்னைக்கு எடுத்த ஒரு நம்பரையும் நான் கூட்டத்துல வைக்க முடியாது. மறுபடியும் எல்லாப் பசங்களுக்கும் ஊசி போடணும். கூட்டத்துக்கு முன்னாடி நடக்காது."

"போட்டேன் மேடம்" என்றாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனது லேசாக இருந்தது. அந்த நம்பர் செல்லாது. செல்லாத நம்பர் என்றால் இல்லாத நம்பர்தான். குட்டிக்கு இரண்டு முத்தம் அதிகமாகக் கொடுத்தாள். சாப்பிடும்போது கணவனிடம், ரிசல்ட் தள்ளிப் போகிறது, கையில் கிரீம் போட்டிருந்ததால் கெட்டுவிட்டது என்று தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

அவனுக்குப் புரையேறிவிட்டது. "கிரீமா? நீயா? எங்க அக்கா ஆசையா வாங்கிக் குடுத்த பவுடர் டப்பாவை ஆய்வகத்துக்கு எடுத்துட்டுப் போய் சோதனை பண்ணவ நீ. யார்கிட்ட காது குத்துற?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டேயிருந்தாள். அவனுடைய சிரிப்பு மெல்ல நின்றது.

"குட்டிக்கு என்ன வந்திருக்கு?"

"அது செல்லாதுன்னு சொன்னேன்ல."

"செல்லுதோ செல்லலையோ, என்ன வந்திருக்குன்னு கேட்டேன்."

"கத்தாதீங்க, அவ முழிச்சிக்குவா."

அவன் கத்தவேயில்லை. அவள்தான் கத்தினாள். பிறகு இருவரும் வாயை மூடிக்கொண்டு, தட்டுகளைக் கழுவி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் படுத்தார்கள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடும் குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சுருள்முடிக்காரி, அதனால் குடியிருப்புக்கே அவள் சுருள். முதல் பிள்ளை பிறந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. புருஷன் ஷிப்டுக்குப் போய்விட்டான். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவள் அம்மாவும் முந்தின நாள்தான் ஊருக்குப் போயிருந்தாள். இவள் உள்ளே போனபோது சுருள் சமையலறைத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ரிசல்ட் வந்துடுச்சாமே அக்கா? உங்க வீட்டு அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிட்டுப் போனாரு, கேட்டா பதிலே சொல்லல."

"தள்ளிப் போயிருக்கு. மாதிரி கெட்டுப் போச்சு."

"ஓ. அப்ப பயப்பட ஒண்ணும் இல்லன்னு அர்த்தம், அப்படித்தானே? இருந்திருந்தா உடனே சொல்லியிருப்பாங்கல்ல?" சுருளின் முகம் மலர்ந்தது. "ஒரு வாரமா எனக்குச் சோறு இறங்கல அக்கா. இவன் வேற எந்நேரமும் உறிஞ்சிட்டே இருக்கானா, தொண்டை காய்ஞ்சு போகுது. அந்த டம்ளர்ல கொஞ்சம் தண்ணி புடிச்சுக் குடுங்களேன், எந்திரிச்சா முழிச்சிக்குவான்."

அவள் டம்ளரை எடுத்தாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் பளிங்கு மாதிரி விழுந்தது, வாசனை இல்லை, நிறம் இல்லை. டம்ளர் நிரம்பியது. பின்னால் பிள்ளை முழுங்கும் சத்தம் கேட்டது. சின்னச் சின்னதாக, நிதானமாக, ஒரு மூச்சு விட்டு மறுபடியும். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியாதா? டம்ளர் நிரம்பி வழிந்து தண்ணீர் மணிக்கட்டில் இறங்கியது. குழாயை மூடவும் தோன்றாமல் நின்றாள்.

"அக்கா? என்னாச்சு?" என்று சுருள் கேட்டாள். இவள் டம்ளரோடு திரும்பினாள்.

"அட, தாகம் எடுக்குதுக்கா, குடுங்க" என்று அவள் கையை நீட்டினாள். விரல் டம்ளரில் பட்டும்விட்டது.

இவள் டம்ளரை வெடுக்கென்று இழுத்துத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டிக் குழாயை மூடினாள். "குடிக்காதே. இனிமே இந்தத் தண்ணிய நீ குடிக்கவே குடிக்காதே."

சுருள் மிரண்டு போய் அவளைப் பார்த்தாள். பிள்ளை மார்பை விட்டுவிட்டுச் சிணுங்கியது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, செல்போனை எடுத்து மேடத்தைக் கூப்பிட்டாள்.

"மேடம், நான் அன்னைக்கு கிரீம் போடல. எங்க வீட்ல கிரீமே கிடையாது. பொய் சொன்னேன். எல்லா நம்பரும் சரி. குட்டியோடதும் சரி."

அந்தப் பக்கத்திலிருந்து வந்த பேச்சில் அன்பு இல்லை. "விளையாட்டா இருக்கா உனக்கு? எத்தனை பேரோட வேலை தெரியுமா இது? கிணத்துல இருக்கிற அதே வகைதான் ரத்தத்துலயும் இருக்கு, கிரீம்ல அந்த வகை வராதுன்னு எனக்கும் தெரியும். ஆனா எடுத்தவளே சந்தேகம்னு சொன்னா நான் என்ன பண்றது? இப்ப பொய் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதணும்."

"எழுதுங்க மேடம்."

"கூட்டத்துல துருவித் துருவிக் கேப்பாங்க. ஏன் பொய் சொன்னேன்னு எல்லார் முன்னாடியும் சொல்ல வேண்டி வரும். அதுக்கப்புறம் உன்னை மாதிரி எடுக்க அனுப்புவாங்களான்னும் தெரியாது."

"சொல்றேன். எதுக்குச் சொன்னேன்னும் சொல்றேன். கிணத்தை மூடட்டும்."

மேடம் பெருமூச்சு விட்டார். "சரி, கிளம்பி வா" என்று வைத்துவிட்டார்.

சுருள் பிள்ளையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. "அப்ப இவ்வளவு நாள் நான் குடிச்சது? இது இவனுக்குப் போகுமா? நான் இவனுக்குப் பால் குடுக்கலாமா, கூடாதா?"

"குடு. பயந்துக்கிட்டு நிறுத்திடாதே. பால் நல்லதுதான், டாக்டருங்க அதைத்தான் சொல்றாங்க, நீயும் போய்க் கேட்டுக்கோ. தண்ணியை மட்டும் இந்த நிமிஷமே மாத்து. எங்க வீட்டு கேனைக் கொண்டாந்து வைக்கிறேன். சமைக்கவும் அதையே எடு."

சுருள் தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பேச்சை மாற்றுகிற மாதிரி, "உங்களுக்கு எவ்வளவுக்கா வந்துச்சு?" என்று கேட்டாள்.

"எனக்குக் குறைவு. குடியிருப்புப் பெரியவங்கள்ல எனக்குத்தான் ரொம்பக் குறைவு."

"அப்பாடா! உங்களுக்காவது நல்லபடியா இருக்கே" என்று சுருள் மனதாரச் சொன்னாள்.

அதில் துளி பொறாமை இல்லை, சுருள் அப்படிப்பட்டவள். அதனால்தான் அதைத் தாங்க முடியவில்லை.

"குறைஞ்சது எங்கயும் போகல சுருள். நான்தான் அதைக் குட்டிக்கு ஊட்டிட்டேன்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்து, தரையில் உட்கார்ந்தபடியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குட்டி எழுந்துவிட்டாள். "அம்மா, தண்ணி" என்று கூப்பிட்டாள். அவள் புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கேனைத் திறக்க எழுந்து போனாள்.